குழலியின் கடவாய்ப் பல்லும் கலப்படமற்ற வெள்ளியும்

1

பெரியோர்களே, தாய்மார்களே, பக்கத்து வீட்டுப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிக்கும் நண்பர்களே! ஓர் அரிய அறிவிப்பு. தமிழில் காதலைப் பாடியாயிற்று. வீரத்தைப் பாடியாயிற்று. கொடைக்கும் மழைக்கும் பசிக்கும் தனித்தனியே ஆள் போட்டுப் பாடியாயிற்று. முத்துப் பல், முல்லைப் பல் என்று முன்வரிசையில் நிற்கிற பற்களுக்கு மட்டும் காலங்காலமாக ஆரத்தி எடுத்திருக்கிறார்கள். பின்னால் இருட்டில் நின்று அத்தனையையும் அரைத்துப் போடுகிற கடவாய்ப் பல்லை எந்தப் புலவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த அநீதி இன்றோடு ஒழிந்தது! ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் இடது கீழ்க் கடவாய்ப் பல்லை நாயகியாகக் கொண்ட முதல் தமிழ்க் கதையை இதோ தொடங்கி வைக்கிறேன்.

(முதல் கதைதான் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்காதீர்கள். மேடையில் பேசுகிறவர்களை யாராவது அப்படிக் கேட்கிறார்களா?)

இந்தக் கதை பல்லிலிருந்து பிறக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு காலிலிருந்து பிறந்தது. துணைக்கால். அறுபத்தெட்டாம் வருஷம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெருவை மறித்து ஒரு துணி கட்டினார்கள். 'குழந்தைகளுக்கு மாபெரும் இலவசப் பல் சிகிச்சை முகாம்' என்று எழுதச் சொன்னார்கள். போர்டு எழுதும் துரைக்கண்ணுவுக்கு எழுத்து அழகாக வரும். அழகு கொஞ்சம் அதிகமாகவே வந்து, 'பல்' என்ற இடத்தில் ஒரு கால் சேர்ந்துகொண்டது.

'குழந்தைகளுக்கு மாபெரும் இலவசப் பால்.'

அதற்கு மேல் ஊரில் யாரும் படிக்கவில்லை.

2

தொடக்கம் அ: "ஏகாம்பரநாதர் கோபுரத்தின் உச்சியை இளங்கதிரோன் தன் பொற்கரங்களால் தடவிக்கொடுக்க, தெய்வமணம் கமழும் அந்தத் திருநகரம் மெல்லத் துயில்..."

(நிறுத்து. இந்த வாக்கியத்தில் பல் எங்கே இருக்கிறது? கோபுரத்துக்குப் பல் முளைப்பதற்குள் வாசகர் எழுந்து போய்விடுவார்.)

தொடக்கம் ஆ: "நான் ஒரு கடவாய்ப் பல். ஏலவார்குழலி என்ற சிறுமியின் வாயில் நான் பிறந்தபோது..."

(ஐந்தாம் வகுப்புக் கட்டுரை. 'கையெழுத்தைத் திருத்திக்கொள்' என்று சிவப்பு மசியில் எழுதித் திருப்பிக் கொடுத்தாயிற்று.)

தொடக்கம் இ: காந்தா பெரிய சொம்பை எடுத்துக்கொண்டாள்.

இது உருப்படும்!

3

காந்தா பெரிய சொம்பை எடுத்துக்கொண்டாள். சின்னதைக் கொண்டுபோய், அங்கே வாளி வாளியாக ஊற்றினால் யார் பதில் சொல்வது?

"இன்னாங்க, எழுந்து வாங்க. ஸ்கூலாண்ட பாலு ஊத்தறாங்களாம். புள்ளைய நேர்ல காட்டினாதான் குடுப்பாங்களாம்."

"சேலையில முந்தி ஓடிக்கினு இருக்குது. இப்போ எப்படி எழுந்துக்கிறது?" என்றான் ராஜவேலு, தறிக்குழியில் கால்களை மாற்றி மிதித்தபடியே.

"முந்தி எங்கியும் ஓடிடாது. பாலு ஓடிடும்."

ராஜவேலு எழுந்தான். பாலுக்காக அல்ல. அவன் மகள் குழலி மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை. இடது பக்கக் கடவாய்ப் பல்லில் ஒரு பொந்து. வாயில் சோறு வைத்தால் ஒரு பருக்கை நேரே அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்; அவள் தட்டைத் தள்ளிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொள்வாள். கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று. கற்பூரம் வைத்துப் பார்த்தாயிற்று. எதிர்வீட்டு ஜெயம்மாள் பேச்சைக் கேட்டுப் புகையிலைக் காம்பை வைத்து, குழந்தை வாந்தி எடுத்துப் பார்த்தாயிற்று. கொஞ்சம் பாலாவது உள்ளே போகட்டும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ராஜவேலுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜரிகை பார்ப்பதில் அந்தத் தெருவுக்கு அவன்தான் கோர்ட்டு. வெள்ளி இழையா, வெறும் செம்பில் முலாமா என்று சந்தேகம் வந்தால் இழையை அவன் உள்ளங்கையில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். கண்ணை இடுக்குவான். பெருமூச்சு விடுவான். பிறகு தீர்ப்பு. தீர்ப்பு சில சமயம் தப்பாகப் போனதுண்டு. சொல்கிற தோரணையில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பால் இல்லை. ஒரு பந்தல், ஒரு மைக், சாய்வான ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற துளைப்பு இயந்திரம் ஒன்று, பெரிய சக்கரமும் நீளக் கையுமாகக் கொக்கு போல நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எதிரே சொம்பு, தூக்கு, குண்டான் சகிதமாக ஊர். ஒருவர் அண்டாவே கொண்டுவந்திருந்தார்.

மைக்கில் முசரவாக்கம் ஆதிகேசவன். நிலம் உண்டு, ரைஸ் மில் உண்டு, அண்மைக்காலமாகக் கட்சியும் உண்டு. முகாமின் வரவேற்புக் குழுத் தலைவர் அவர்தான்.

"பல்லே பண்பாட்டின் வாயில்! பல்லில்லாச் சமுதாயம் சொல்லில்லாச் சமுதாயம்! பாலகரின் பல்லைப் பாதுகாக்காத பாராளும்..."*

"தலைவரே," என்று கூட்டத்திலிருந்து ஜெயம்மாள் குரல் கொடுத்தாள், "பேச்சு சோக்கா இருக்குது. பாலு எப்போபா ஊத்துவீங்க?"

(* தலைவர் வாயிலிருந்த வரிசை முழுவதும் மதராஸில் செய்து வாங்கி வந்தது. பல்லைப் பற்றி அவரைவிடத் துணிச்சலாகப் பேச ஆள் கிடையாது. அந்த வகையில் அவருக்கு இனி இழக்க ஒன்றுமில்லை.)

"பாலா?" என்றார் தலைவர்.

"மேல எழுதிக் கட்டிக்கினு, பாலான்றாரு பாரு!"

தலைவர் அண்ணாந்து பார்த்தார். துணியைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். சாதாரண மனிதனாக இருந்தால் 'எழுத்துப் பிழை, மன்னியுங்கள்' என்று சொல்லி முடித்திருப்பான். ஆனால் அவர் தலைவர். மைக்கை இறுகப் பிடித்தார்.

"பால்... பல்! ஆம், பால் பல்! குழந்தைகளின் பால் பல்லுக்கென்றே இந்த முகாம்! அறிந்தேதான் எழுதினோம்!"

வாசகரே, இங்கேதான் கதை தன் தலையைத் தானே கொடுத்து மாட்டிக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து குழுவின் மானம் ஒரு காலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முகாமுக்கு வரும் எந்தக் குழந்தையின் எந்தப் பல்லும் பால் பல்லாகவே இருந்தாக வேண்டும். வேறு பல் இருக்கக் குழு அனுமதிக்காது.

4

கூட்டம் கலைவதற்குள் எதையாவது தொடங்கி வைத்தாக வேண்டும். தலைவர் கண்ணை ஓட்டினார். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே குழந்தை குழலி.

"அதோ, அந்தப் பிஞ்சு! அந்தப் பிஞ்சின் பால் பல்லை அகற்றி இப்போதே முகாமைத் தொடங்கி வைக்கிறோம்!"

தட்டில் குறடு தயாராக இருந்தது. பக்கத்தில் யாரோ மரியாதைக்காக ஒரு செவ்வந்திச் சரம் வைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டித் தொடங்குகிற விழாக்களை நான் பார்த்திருக்கிறேன், குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குகிறவற்றையும் பார்த்திருக்கிறேன். பல் பிடுங்கித் தொடங்குவது புதுசு.

ராஜவேலு மகளை நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் முகத்தில் நிம்மதி. பால் பல்தானே, எடுத்தால் வலி போகும், வேறு முளைக்கும். சாயங்காலம் குழந்தை சோறு தின்னும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளைக் கோட்டுக்காரி குழலியின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது பால் பல் இல்லை" என்றாள்.

5

இந்த டாக்டர் வத்ஸலாவை நான் முதலில் எழுதியபோது அவள் ஒரு தேவதை. சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் வீட்டுப் பெண். மதராஸில் பல் டாக்டருக்குப் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கி, புன்னகையால் இருளை விரட்டி... கிழித்துப் போட்டுவிட்டேன். தேவதை வாய்க்குள் கை விடாது. உண்மையான வத்ஸலாவுக்குப் பொறுமை குறைவு. யாராவது குறுக்கே பேசினால் மூக்கு சிவக்கும். பாமரர்களுக்குப் புரியும்படி பேச வேண்டுமென்று முடிவு செய்துகொண்டு வந்தவள், முதல் வாக்கியத்திலேயே "இது பர்மனென்ட் மோலார்" என்றாள்.

"மோரா? பாலுன்னீங்க, இப்போ மோருன்றீங்களா?" என்றாள் ஜெயம்மாள்.

"மோர் இல்லை, மோலார்! நிரந்தரப் பல்! ஆறு வயசில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாமல் முளைக்கிறது. இதைப் பிடுங்கினால் மறுபடி வராது. ஆயுசுக்கும் ஓட்டைதான்."

"புதுப் பல்லு அப்படி வராதுங்களே டாக்டரம்மா," என்று காந்தா இழுத்தாள். "எம்பொண்ணுக்கு விழுந்த பல்லு அத்தனையும் நாந்தான் சாணியில உருட்டிக் கூரை மேல எறிஞ்சேன். எல்லாம் முன்பல்லு. பின்னாடி ஒண்ணுகூட விழலியே."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

"அதைத்தான் நாமும் சொல்கிறோம்!" மைக்கைக் கைவிடாமலே தலைவர் வந்து சேர்ந்தார். "விழுந்தால்தான் புதுப் பல்! விழவே இல்லை! ஆகவே இது பழைய பல்! ஆகவே பால் பல்! தாய்க்குலமே தீர்ப்பளித்துவிட்டது!"

கூட்டம் கைதட்டியது. எனக்குக்கூடக் கைதட்டத் தோன்றுகிறது. அவ்வளவு கச்சிதமான தர்க்கம், அவ்வளவு முழுமையான தப்பு.

"பிடுங்க வேண்டாம். அடைச்சுடலாம்," என்று வத்ஸலா ராஜவேலு பக்கம் திரும்பினாள். "பொந்து ஆழம்தான். ஆனால் இன்னும் நரம்பைத் தொடலை. சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி அடைச்சா பல்லு பிழைச்சுக்கும்."

"இன்னா வெச்சுமா அடைப்பீங்க?"

"வெள்ளி."

(இங்கே ஒரு வரி இடம் விட வேண்டும். அந்த வார்த்தை மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும்.)

6

வெள்ளி!

வேறு எந்த ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் வியப்பு, கொஞ்சம் பயம், அத்தோடு முடிந்திருக்கும். இது ஜரிகையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ஊர். பட்டு இழைமேல் வெள்ளியைச் சுற்றி, வெள்ளிமேல் தங்கத்தைப் பூசி, அதை முந்தானையில் ஓட்டிப் பிழைக்கிற ஊர். அந்த ஊரில், குழந்தை வாய்க்குள் வெள்ளியை வைத்து இலவசமாக மூடித்தருகிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள்!

சொம்புகள் கீழே இறங்கின. குழந்தைகள் மேலே ஏறின.

"டாக்டரம்மா, எம்பையனுக்கு ரெண்டு பல்லுல வெச்சுடு," என்று ஜெயம்மாள் முண்டிக்கொண்டு வந்தாள்.

"அவனுக்குச் சொத்தை இருக்கா?"

"இல்ல. வந்துட்டா இன்னா பண்றது? கல்யாணத்துக்கு ஆவும், போடு."

"எம்பொண்ணுக்கு மேல் வரிசை!"

"எனக்கு வெச்சுவுடு தாயி, எனக்குப் பல்லே இல்ல, ஈறுல வெச்சுவுடு!"

தலைவர்கூட மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம பேரனுக்கு முன்பல்லில் வையுங்கள். சிரித்தால் தெரியணும்" என்றார். பால் பல் கட்சியிலிருந்து வெள்ளிக் கட்சிக்கு அவர் தாவ எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கொட்டாவி விட முடியாது.

ராஜவேலு மட்டும் அசையவில்லை. ஊரே அவனைப் பார்த்தது. வெள்ளி என்று வந்துவிட்டால் கோர்ட்டு அவன்தானே.

"எங்க, அந்த வெள்ளியக் காட்டுங்க."

வத்ஸலா ஒரு சின்னப் புட்டியைத் திறந்து அவன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டினாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய அரத்தூள். ராஜவேலு கண்ணை இடுக்கினான். விரலால் தேய்த்தான். பெருமூச்சு விட்டான்.

"சூரத்து சரக்கு" என்றான். அவனுக்கு ஜரிகை வருகிற ஊர் அது.

"லண்டன்" என்றாள் வத்ஸலா.

"லண்டன்ல இருந்து சூரத்துக்கு வந்துருக்கும்" என்றான் ராஜவேலு, தோரணை குறையாமல். கூட்டம் ஆமோதித்தது.

மகிழ்ச்சியாக இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். ஊர் சம்மதம், தகப்பன் சம்மதம், வெள்ளியும் தயார். ஆனால் வத்ஸலா உண்மை பேசுகிறவள். இந்த ஒரு குணத்தால் எத்தனை நல்ல முடிவுகள் கெட்டிருக்கின்றன! அவள் இன்னொரு புட்டியையும் எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே வெள்ளி நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ உருண்டது.

"அது இன்னா?"

"பாதரசம். தூளோடு இதையும் சேர்த்து உரலில் இழைச்சால்தான் இறுகும்."

கோர்ட்டு நிமிர்ந்தது. "அப்போ சுத்த வெள்ளி இல்லியா?"

"சுத்த வெள்ளி பல்லில் நிற்காது. தூளிலேயே தகரமும் செம்பும் உண்டு."

தகரம்! செம்பு! இதைவிட அவள் 'உங்கள் குலதெய்வத்தில் பாதி களிமண்' என்று சொல்லியிருக்கலாம்.

"கலப்படம்!" என்று அலறினார் தலைவர். பொத்தியிருந்த கை மைக்கை விட்டிருந்தது. மைக் மறுபடி திறந்துகொண்டது. "பால் பல்லுக்குப் பாதரசமா? பட்டப்பகலில் படுமோசடியா? பாலாற்றங்கரையில் பச்சைப் பிள்ளைகளின் பல்லில் பித்தலாட்டமா?"

(ப வரிசையில் அவருக்கு இன்னும் எழுத்துகள் பாக்கி இருந்தன. பக்க அளவு கருதி நான் நிறுத்துகிறேன்.)

"விஷம்டி அது, பாதரசம்!" என்று மகனை இழுத்துக்கொண்டாள் ஜெயம்மாள். "டேய், வாய மூடுடா."

"இறுகின பிறகு அது கல்லு. எத்தனையோ வருஷமாக உலகம் பூராவும் வைக்கிறார்கள்," என்றாள் வத்ஸலா. மூக்கு சிவந்துவிட்டது. "அடைக்கலைன்னா சொத்தை உள்ளே போகும். அப்புறம் பிடுங்கத்தான் வேணும். நிரந்தரப் பல், நிரந்தரப் பல்னு எத்தனை தரம்..."

"பால் பல்!" என்றது கூட்டம்.

"எடுத்துடுங்க!" என்றது கூட்டம்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழலி வாயை மூடிக்கொண்டு, தன் பல்லைப் பற்றி எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

அடுத்து நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் தலைவர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார். ஆகவே அது நடந்தே இருக்க வேண்டும்.

"பொதுமக்களே, நானே நிரூபிக்கிறேன்! பால் பல் என்றால் ஆடும்! இதோ பாருங்கள், ஆடுகிறது!" என்று சொல்லி அவர் குழலியின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டார்.

பல் ஆடவில்லை. தலைவர் ஆடினார்.

"ஐயோ! விடு! விடும்மா! கண்ணு, விடுடா!" மைக்கில் மைதானம் பூராவும் கேட்டது. அன்று அவர் நிகழ்த்திய உரைகளில் எதுகையோ மோனையோ இல்லாமல், உள்ளத்திலிருந்து வந்தது இது ஒன்றுதான்.

(அவருடைய பல் செட் கழன்று விழுந்தது என்று எதிர்பார்க்கிறீர்கள். எனக்கும் ஆசைதான். விழவில்லை. மதராஸில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள்.)

காந்தா மகளின் தாடையைப் பிடித்து விரலை விடுவித்தாள். விரலில் ஆழமாக ஒரு தடம்.

"இன்னாபா இது, பால் பல்லுன்னாரு, இந்தக் கடி கடிக்குது!" என்று யாரோ சொல்ல, பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி முன்வரிசை வரை வந்தது. ஜெயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம்பா, அவரு பேரனுக்கு வெள்ளி வெக்கலாம்னு பார்த்தாரு" என்றாள். அது சிரிப்பைவிட மோசமாகத் தலைவரைப் போய்த் தைத்தது.

ராஜவேலுவும் சிரிக்கவில்லை. அவன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடித்த வலியில் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்த இடத்தில் ஓர் அருமையான உவமை எழுதி வைத்திருந்தேன். சேலையின் உடல் பாவு வேறு, கரைப் பாவு வேறு. உடலை அறுக்காமலே பக்கத்தில் கரையைக் கோர்த்துக்கொள்வதில்லையா, அதுபோலப் பால் பற்களை விழவைக்காமலே அவற்றின் ஓரத்தில் புதுப் பல் வந்து சேர்ந்துகொள்கிறது என்று ராஜவேலுவுக்குப் பளிச்சென்று... அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எனக்குத் தோன்றியது, அவனுக்குத் தோன்றவில்லை. மகள் அழும்போது எந்த நெசவாளியும் உவமை தேடிக்கொண்டு நிற்பதில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: அவனுடைய நாக்கு தானாகவே வாயின் இடது கீழ் மூலைக்குப் போனது.

அங்கே பல் இல்லை.

பல வருஷமாகவே இல்லை. அவன் குழலி வயதில் இருந்தபோது, தாமல் ஏரிக்கரைச் சந்தையில் ஒருவன் பிடுங்கிப் போட்டான். 'பால் பல்லு, வேற முளைக்கும் போ' என்றான். சின்னப் பையன் தினமும் காலையில் நாக்கை விட்டுத் தேடினான். முளைக்கவில்லை. பிறகு தேடுவது பழக்கமாகிவிட்டது. எதைத் தேடுகிறோம் என்பது மறந்துவிட்டது. இப்போதும் தறியில் கணக்குப் பார்க்கும்போது நாக்கு அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்ளும். கொட்டைப் பாக்கை எப்போதும் வலது பக்கமாக மெல்கிறான், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"டாக்டரம்மா," என்றான்.

"என்ன?"

"இந்த இடம்தானே?" வாயைத் திறந்து விரலை வைத்துக் காட்டினான்.

வத்ஸலா கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். அவள் மூக்குச் சிவப்பு இறங்கியது.

"அதே இடம்தான்" என்றாள் மெதுவாக.

"எனக்கும் முளைக்கும்னுதான் சொன்னாங்க."

8

இப்போது வேகமாக எழுத வேண்டும். காரணம், வேகமாக நடக்கிறது!

வத்ஸலா கையைக் கழுவுகிறாள். துளைக்கும் ஊசியை நீளக் கையில் மாட்டுகிறாள். "கம்பவுண்டர் எங்கே?" கம்பவுண்டர், தலைவரின் விரலுக்குக் கட்டுப் போடப் போயிருக்கிறார். ஒரு விரலுக்கு அவர் சுற்றுகிற துணியில் ஒரு பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்.

"குழந்தை திமிறினால் நான் இரண்டு காலையும் ஊன்றி நிற்கணும். மிஷினை யாராவது மிதிக்கணும். சீராக மிதிக்கணும். நடுவில் நிறுத்தக் கூடாது."

ஊரே மிதிக்கிற ஊர். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை குழியில் காலை விட்டு மிதிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத அத்தனை ஆண்களும் பெண்களும் தங்கள் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கால் முன்வரவில்லை.

"ராஜவேலு, வேணாம்பா, பாதரசம்பா!" என்கிறது ஒரு குரல்.

"எடுத்துட்டா இன்னிக்கே சோறு துன்னுமேபா!" என்கிறது இன்னொரு குரல். இந்தக் குரலில்தான் ராஜவேலு தடுமாறுகிறான். ஏனென்றால் அது பொய் இல்லை. குறட்டால் பிடுங்கினால் ஒரு நிமிஷம், சாயங்காலம் ரசஞ்சோறு. அடைப்பதென்றால் இந்தக் கொக்கு மிஷின் மகளின் பல்லைக் குடையும், அவள் கத்துவாள், அவளைக் கத்தவைப்பது தன் காலாக இருக்கும்.

"நீங்க மிதிங்க" என்கிறாள் காந்தா. சொம்பைக் கீழே வைத்துவிட்டு மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள். "நீங்களே மிதிங்க. இழை அறுக்காம மிதிக்க உங்களுக்குத்தான் தெரியும்."

"கத்துவாளே."

"கத்தட்டும். நானும் கூடவே கத்தறேன்."

ராஜவேலு செருப்பைக் கழற்றுகிறான். தறியில் உட்காரும்போது கழற்றுவது வழக்கம். கால் மிதிப்பலகையின் மேல் போகிறது. இன்னும் அழுத்தவில்லை.

"கண்ணு," என்கிறான், "வாயத் தொறம்மா."

குழலி அப்பாவைப் பார்க்கிறாள். அம்மாவைப் பார்க்கிறாள். செவ்வந்திச் சரம் சுற்றிய குறட்டைப் பார்க்கிறாள். பிறகு, இதுவரை யாருக்காகவும் திறக்காத அளவுக்கு, ஊர் முழுவதும் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, வாயைப் பெரிதாகத் திறக்கிறாள்.

9

முடிவு அ: கால் இறங்குகிறது. சக்கரம் சுற்றுகிறது. தறி ஓசைபோலச் சீராக, ஓரிடத்திலும் அறாமல். குழலி கத்துகிறாள், காந்தா கத்துகிறாள், ஜெயம்மாளும் சும்மா கத்துகிறாள். உரலில் வெள்ளி இழைகிறது, பொந்து மூடுகிறது, மறுநாள் முதல் கூட்டம் வரிசையில் நிற்கிறது. (இது ரொம்ப நல்ல முடிவு. சுகாதாரத் துறை வெளியிடுகிற துண்டுப் பிரசுரத்துக்கு அனுப்பிவிடலாம்.)

முடிவு ஆ: கால் இறங்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்த தகப்பனுக்கு மனசு கேட்கவில்லை. குறடு. ஒரு நிமிஷம். ரசஞ்சோறு. ஆயுசுக்கும் குழலியின் நாக்கு அந்த மூலைக்குப் போய் எதையோ தேடுகிறது. (இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நடக்காது என்று சொல்லவும் தைரியம் இல்லை. பெற்றவர்களுக்குத் தெரியும்.)

முடிவு இ: தலைவர் கட்டுப்போட்ட விரலோடு மைக்குக்குத் திரும்பி வந்து, 'நிரந்தரப் பல்லே நிறைந்த செல்வம்' என்று...

(போதும்.)

முடிவைத் தேர்ந்தெடுக்கிற வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறேன் என்பவர்கள், ஏழு வயதுப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு காலை மிதிப்பலகைமேல் தூக்கி வைத்துப் பார்க்கட்டும். அந்தக் கால் இப்போது உங்களுடையது. பாதம் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் ஓர் ஊர், முன்னால் ஒரு பொந்து. டாக்டரம்மா ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காந்தா கண்ணை மூடிக்கொண்டாள். குழலி இன்னும் வாயைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். எவ்வளவு நேரம் வைத்திருப்பாள்? குழந்தைக்குத் தாடை வலிக்காதா? யோசிக்காதீர்கள், சீக்கிரம் சொல்லுங்கள், மிதிக்கிறீர்களா, இல்லையா?

நீங்கள் எதைச் சொன்னாலும், அடுத்த வாரம் குழலிக்கு வலது பக்கப் பல் வலித்தது.